சராசரியை விட உயரம் குறைந்த குழந்தையின் வளர்ச்சி (1 முதல் 3 வயது வரை)

ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள, நடை பழகிவிட்ட குழந்தையைத் தளிர்நடைக் குழந்தை என்பர். இந்த வயதில் ஒரு குழந்தை தன் வயதுப் பிள்ளைகளை விடக் குட்டையாக இருப்பது மிகச் சாதாரணமானது. நலமாக உள்ள குழந்தைகளிலும் ஏறத்தாழ பாதிப் பேர் சராசரிக்குக் கீழேதான் இருப்பார்கள். ஆனால் அதே குட்டையான உயரம் சில குழந்தைகளில் நீண்ட நாள் சத்துக்குறைவையோ, திரும்பத் திரும்ப வரும் நோய்த்தொற்றையோ, தைராய்டு குறைபாடு போன்ற நோயையோ காட்டும் முதல் அடையாளமாகவும் இருக்கும். இந்த இரண்டு வகையையும் பிரித்தறிய ஒரு நாள் அளந்த உயரம் போதாது. குழந்தை எந்த வேகத்தில் வளர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு நிறுத்திப் பார்ப்பதால் பெற்றோருக்குக் கவலை கூடுமே தவிர, தேவையான செய்தி எதுவும் கிடைக்காது.

எவ்வளவு உயரம் இயல்பு?

இன்று இந்தியா உட்பட பல நாடுகளில் பயன்படும் வளர்ச்சி வரைபடங்கள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. இதற்கான ஆய்வு 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளிடம் நடந்தது. இந்தியாவில் புது தில்லிக் குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். தாய்ப்பால் குடித்து, போதிய உணவும் மருத்துவ வசதியும் கிடைத்து, புகைபிடிக்காத தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த ஆறு நாட்டுக் குழந்தைகளும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியாக வளர்ந்தனர் என்பதுதான் இந்த ஆய்வின் முக்கியமான முடிவு. "நம் ஊர்ப் பிள்ளைகள் இவ்வளவுதான் வளரும்" என்று சொல்லி விட்டுவிட முடியாது என்பதை இது காட்டியது.

இந்த வரைபடத்தின்படி ஆண் குழந்தையின் இடைநிலை உயரம் 1 வயதில் 75.7 செ.மீ., 2 வயதில் 87.1 செ.மீ., 3 வயதில் 96.1 செ.மீ. பெண் குழந்தைக்கு இது முறையே 74.0, 85.7, 95.1 செ.மீ. இடைநிலைக்கு இரண்டு திட்டவிலக்கம் கீழே உள்ள கோடு 2 வயது ஆண் குழந்தைக்கு 81.0 செ.மீ.யிலும், பெண் குழந்தைக்கு 79.3 செ.மீ.யிலும் அமைகிறது. நலமான 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேர்தான் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அதற்குக் கீழே வரும் நிலையையே வயதுக்கேற்ற உயரமின்மை என்று கணக்கெடுப்புகள் குறிக்கின்றன. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 35.5 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 25 விழுக்காட்டினரும் இந்த நிலையில் இருந்தனர். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கில் ஒரு குழந்தை இருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பரம்பரை வாகு என்று விளக்கிவிட முடியாது.

வளர்ச்சியின் வேகம்

பிறந்த முதல் ஆண்டில் குழந்தை சுமார் 25 செ.மீ. வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் இது சுமார் 12 செ.மீ.யாகவும், மூன்றாம் ஆண்டில் 9 செ.மீ. அளவுக்கும் குறைகிறது. ஒரு வயதுக்குப் பிறகு குழந்தையின் பசி குறைவதற்கும் இதுவே ஒரு காரணம். "முன்பு நன்றாகச் சாப்பிட்டவன் இப்போது வாயே திறப்பதில்லை" என்று தாய்மார் சொல்வது பெரும்பாலும் இந்த இயல்பான மாற்றத்தைத்தான்.

பிறக்கும்போது குழந்தையின் நீளத்தைத் தாயின் கருப்பைச் சூழல் பெருமளவு தீர்மானிக்கிறது. பிறகு மெல்ல மெல்ல மரபணுக்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. இதனால் ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடையில் பல குழந்தைகள் வரைபடத்தில் ஒரு கோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ நகர்ந்து தங்களுக்குரிய பாதையைப் பிடிப்பார்கள். குட்டையான பெற்றோருக்கு நீளமாகப் பிறந்த குழந்தை இந்தக் காலத்தில் சற்றுக் கீழே இறங்குவது நோயாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு வயதிற்குப் பிறகு பாதை பெரிதாக மாறக்கூடாது. அதன் பின்னும் கோடுகளைத் தாண்டிக் கீழே சரிந்துகொண்டே போனால் காரணம் தேட வேண்டும். 2 முதல் 4 வயது வரையில் ஆண்டுக்கு 5.5 செ.மீ.க்கும் குறைவாக வளர்வதை மருத்துவர்கள் எச்சரிக்கை அடையாளமாகக் கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு வயதுப் பெண் குழந்தைகள் இருவரும் 81 செ.மீ. உயரம் இருக்கிறார்கள் என்று கொள்வோம. இந்த உயரம், நலமான 100 சிறுமிகளை உயர வரிசையில் நிறுத்தினால் அடியிலிருந்து ஏழாவது இடம். முதல் குழந்தை ஆறு மாதத்திலிருந்தே ஏறக்குறைய இதே இடத்தில் இருந்து வருகிறது, ஓடியாடி விளையாடுகிறது. இரண்டாவது குழந்தை ஒரு வயதில் வரிசையின் நடுவில் இருந்தது, பிறகு இந்த இடத்திற்கு இறங்கியிருக்கிறது. இன்றைய உயரம் ஒன்றுதான் என்றாலும், முதல் குழந்தைக்கு வழக்கமான கவனிப்பே போதும். இரண்டாவது குழந்தையை மருத்துவர் பார்க்க வேண்டும். பழைய அளவுகள் கையில் இல்லாவிட்டால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும். தடுப்பூசி அட்டையோடு சேர்த்துத் தரப்படும் வளர்ச்சி அட்டையை நிரப்பிப் பாதுகாப்பது இதற்காகத்தான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரும்போது, வரைபடத்தில் அதன் வயது 10 மாதம்தான்.

சரியாக அளப்பது

தவறான அளவுகள் தேவையற்ற பயத்தையும், சில நேரம் தவறான நிம்மதியையும் தருகின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். தலையைப் பலகையில் ஒட்டி ஒருவர் பிடிக்க, மற்றொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதத்தைச் செங்குத்தாக வைத்து அளக்க வேண்டும். இது ஒருவரால் ஆகும் வேலை இல்லை. இரண்டு வயதிற்குப் பிறகு செருப்பு, கொண்டை, கனமான டயப்பர் இல்லாமல் சுவரை ஒட்டி நிறுத்தி அளக்கலாம். குதிகால், பிட்டம், தோள், பின்தலை ஆகியவை சுவரில் பட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். தலை மேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

படுக்கவைத்து அளந்தால் நிற்கவைத்து அளப்பதை விட சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். ஒரு மாதம் படுத்த நிலையிலும் அடுத்த மாதம் நின்ற நிலையிலும் அளந்துவிட்டு, "பிள்ளை வளரவே இல்லை" என்று பதறுபவர்கள் உண்டு. மூன்று மாதத்திற்கு ஒரு முறை அளந்தால் போதும். வாராவாரம் சுவரில் கோடு போடுவதால் பயனில்லை, ஏனெனில் அந்த இடைவெளியில் வரும் மாற்றத்தை விட அளக்கும்போது நேரும் பிழையே பெரிது.

பெற்றோரின் உயரம்

குழந்தை வளர்ந்த பின் ஏறத்தாழ எவ்வளவு உயரம் இருக்கும் என்று பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. தாய் தந்தையின் உயரங்களைக் கூட்டி, ஆண் குழந்தையென்றால் 13 செ.மீ. சேர்த்து, பெண் குழந்தையென்றால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 160 செ.மீ., தாய் 148 செ.மீ. என்றால் மகளுக்கு 147.5 செ.மீ. வரும். உண்மையான உயரம் இதிலிருந்து 8 செ.மீ. வரை கூடலாம், குறையலாம்.

இந்தக் கணக்கை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். நம் சமூகத்தில் பல பெற்றோர் தாங்களே சிறு வயதில் போதிய உணவில்லாமல் வளர்ந்தவர்கள். அவர்களுடைய உயரம் மரபணு அனுமதித்த முழு உயரமாக இல்லாமல் இருக்கலாம். "எங்கள் குடும்பமே குட்டைதான்" என்பது பல நேரங்களில் உண்மை. சில வீடுகளில் அது இரண்டு மூன்று தலைமுறைப் பசியின் வரலாறாகவும் இருக்கும். பெற்றோர் குட்டையாக இருக்கிறார்கள் என்பதற்காகக் குழந்தையின் உணவையும் வளர்ச்சி வேகத்தையும் பார்க்காமல் விடக்கூடாது.

உணவு

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1000 முதல் 1100 கிலோகலோரி ஆற்றல் தேவை. வயிறோ சிறியது. 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு சுமார் 300 மில்லிலிட்டர் அளவு உணவைத்தான் கொள்ளும். ஆகவே அந்தச் சிறிய அளவுக்குள் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதே கேள்வி. தண்ணீராய்க் கரைத்த கஞ்சி, ரசம் சாதம், பருப்பின் மேல் தெளிவு ஆகியவை வயிற்றை நிரப்புமே தவிர வளர்ச்சிக்குத் தேவையானதைத் தரா. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் மெல்ல விழும் பதத்தில் உணவு இருக்க வேண்டும். குழைய வேகவைத்த பருப்பைத் தெளிவோடு நிறுத்தாமல் அப்படியே மசித்துச் சாதத்தில் சேர்க்கலாம். ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் அளவு கூடாமலே சுமார் 45 கிலோகலோரி கூடுகிறது.

மூன்று முக்கிய வேளையும், இடையில் இரண்டு சிற்றுணவும் போதும். முட்டை, பால், தயிர், மீன், நெத்திலி, கோழிக்கறி, பருப்பு, சுண்டல், வேர்க்கடலை அரைத்த மாவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இடம்பெறுவது நல்லது. முழு வேர்க்கடலையை இந்த வயதில் தரக்கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். கேழ்வரகு கால்சியத்திற்குப் பெயர் பெற்றது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. இரும்புச்சத்துக்கு ஈரல், இறைச்சி, கீரை, பயறு ஆகியவற்றைத் தரலாம். கீரையுடன் எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய் போன்றவற்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். இரண்டு வயது வரை தாய்ப்பாலைத் தொடரலாம், தொடர வேண்டும்.

முட்டையைப் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. ஈக்வடாரில் 2015-ல் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்தபோது, வயதுக்கேற்ற உயரமின்மை 47 விழுக்காடு குறைந்தது. இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு மலாவி நாட்டில் இதே முறையில் செய்து பார்த்தபோது உயரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே ஏரி மீனைச் சாப்பிட்டு வந்தார்கள், குட்டையான குழந்தைகளும் குறைவு. உணவில் இல்லாத ஒன்றைச் சேர்க்கும்போதுதான் பயன் கிடைக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பருப்பும் பாலும் மீனும் ஏற்கெனவே சாப்பிடும் குழந்தைக்கு மேலும் இரண்டு முட்டையைத் திணிப்பதால் உயரம் கூடாது.

பால் விஷயத்தில் நேர் எதிரான தவறு நடக்கிறது. "சாப்பிடவில்லை, பாலாவது குடிக்கட்டும்" என்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை புட்டியில் கொடுக்கும் வீடுகள் உண்டு. 500 மில்லிலிட்டருக்கு மேல் போனால் குழந்தைக்குச் சோற்றில் பசி இருக்காது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தசோகையும் வரும், அது பசியை இன்னும் குறைக்கும். டீயில் நனைத்த பிஸ்கட்டும் பன்னும் இதை விட மோசம், டீ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையே தடுக்கிறது.

உயரம் கூட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் பானப் பொடிகளுக்குக் கூடுதல் செலவு செய்யத் தேவையில்லை. பலவற்றில் சர்க்கரையே பெரும்பங்கு. 2024 ஏப்ரலில் இந்திய அரசு, இத்தகைய பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அங்கன்வாடி மையத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசமாகத் தரப்படும் சத்துமாவு இந்தக் குழந்தைகளுக்காகவே தயாரிக்கப்படுகிறது. அதை வீட்டில் எல்லோருமாகப் பகிர்ந்து தீர்த்துவிடுவதும் நடக்கிறது. அது அந்தக் குழந்தையின் பங்கு.

ஊட்டும் முறையும் உணவு அளவுக்கு முக்கியம். என்ன உணவு, எந்த நேரம், எங்கே உட்கார்ந்து என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் முன்வைத்த இந்த முறை பல குழந்தைநல மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது. குட்டையான குழந்தையின் வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனெனில் ஒவ்வொரு கவளமும் ஒரு மில்லிமீட்டராகத் தெரியும். மடியில் அழுத்திப் பிடித்து ஊட்டுவதும், கைபேசியைக் காட்டி வாயில் திணிப்பதும் சில நாட்களில் சாப்பாட்டையே வெறுக்க வைத்துவிடும்.

நோய்த்தொற்றும் தூய்மையும்

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும்போது வளர்ச்சி நின்றுவிடுகிறது. குணமான பின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக உணவு கொடுத்தால் குழந்தை விட்டதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த நோய் வந்துவிட்டால் பிடிக்க நேரம் இருக்காது. வயிற்றுப்போக்கின்போது உப்புச்சர்க்கரைக் கரைசலோடு, ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினமும் 20 மில்லிகிராம் துத்தநாகம் 14 நாட்கள் தரப்படுகிறது. வயிற்றுப்போக்கு நின்ற உடனே மாத்திரையை நிறுத்தாமல் 14 நாளும் முடிக்க வேண்டும். தடுப்பூசி, ஒரு வயதிலிருந்து குடற்புழு நீக்க மாத்திரை, ஆறு மாதத்திற்கு ஒரு முறை வைட்டமின் ஏ ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும்.

கை கழுவுதலும் நல்ல தண்ணீரும் உயரத்தையும் கூட்டும் என்று நெடுநாள் எதிர்பார்க்கப்பட்டது. வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018, 2019-ல் வந்தபோது, இவை மட்டும் உயரத்தைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, ஆனால் உயரம் மாறவில்லை. வீட்டுக்குள் சோப்பு வைத்தாலும் தெருவும் சாக்கடையும் மாறாவிட்டால் கிருமி குறையாது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

தூக்கம்

வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில் அதிகம் சுரக்கிறது. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஓரிரு இரவு தூக்கம் கெட்டதால் உயரம் குறைந்துவிடாது. காலைப் பிடித்து இழுப்பது, எண்ணெய் தேய்த்து நீவுவது, கம்பியில் தொங்கவிடுவது எதுவும் எலும்பை நீட்டாது.

மருத்துவரிடம் எப்போது?

உயரம் இரண்டு திட்டவிலக்கக் கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு வயதிற்குப் பிறகு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை நன்றாக இருந்தும் உயரம் மட்டும் நின்றுவிட்டால் தைராய்டு அல்லது வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டை நினைக்க வேண்டும். எடையும் உயரமும் சேர்ந்து குறைந்தால் உணவு, தொற்று, குடல் அல்லது சிறுநீரக நோய் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மலச்சிக்கல், மந்தமான போக்கு, வறண்ட தோல் ஆகியவை தைராய்டு குறைபாட்டைக் காட்டலாம். வளைந்த கால்களும் தடித்த மணிக்கட்டும் வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயின் அடையாளங்கள். கோதுமை சாப்பிடத் தொடங்கிய பின் வயிறு உப்பி, மலம் மாறி, வளர்ச்சி நின்றால் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை உதவும். காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் பெண் குழந்தைக்கு டர்னர் நோய்க்குறிக்கான குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள்.

கருவிலேயே சிறியதாக இருந்து பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இரண்டு வயதுக்குள் இயல்பான உயரத்தை எட்டிவிடுவார்கள். எட்டாதவர்களை மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி 1985 முதல் செயற்கை முறையில் தயாரிக்கப்படுகிறது. குறைபாடு உறுதியான குழந்தைக்கு அது நல்ல பலன் தரும். பல ஆண்டுகள் தொடர்ந்து போட வேண்டிய, விலை உயர்ந்த ஊசி அது. குடும்ப வாகினால் குட்டையாக உள்ள நலமான தளிர்நடைக் குழந்தைக்கு அது தேவையில்லை.

பேச்சும் விளையாட்டும்

சத்துக்குறைவால் குட்டையான குழந்தைகள் பள்ளியில் பின்தங்குகிறார்கள் என்பதுதான் இந்தப் பிரச்சினையின் உண்மையான இழப்பு. இதில் ஜமைக்கா நாட்டு ஆய்வு ஒன்று மிகவும் பேசப்படுவது. 1986-87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், உயரம் குறைந்த, 9 முதல் 24 மாத வயதுள்ள 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு சார்ந்த உணவு கொடுக்கப்பட்டது. சிலர் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருட்களில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு எதுவும் இல்லை. இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. அக்குழந்தைகளுக்கு 22 வயதானபோது கணக்கெடுத்ததில், விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களை விட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். உயரக் குறைவு இல்லாத அக்கம்பக்கத்துக் குழந்தைகளை வருமானத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். உணவு மட்டும் பெற்றவர்களிடம் இந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. இந்த முடிவு 2014-ல் வெளியானது. இதனால் உணவு தேவையில்லை என்று ஆகாது, குழந்தையின் எதிர்காலம் உயரத்தில் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

வீட்டில் இதைச் செய்யப் பணம் தேவையில்லை. கரண்டி, மூடி, காலி டப்பா, நிலா, காக்கை, தாத்தா பாட்டியின் கதை ஆகியவை போதும். குட்டையான குழந்தையைப் பெரியவர்கள் அறியாமலே வயது குறைந்ததாக நடத்துவார்கள். மூன்று வயதில் கையில் தூக்கிச் சுமப்பார்கள், மழலையிலேயே பேசுவார்கள், படி ஏற விடமாட்டார்கள். உயரத்தைப் பார்க்காமல் வயதுக்குரிய வேலைகளையும் பேச்சையும் கொடுக்க வேண்டும். கை கழுவ ஒரு சிறிய முக்காலியைப் போட்டுவிட்டால் அந்தக் குழந்தையும் தானே கழுவிக்கொள்ளும். உறவினர் வந்து "இன்னும் இவ்வளவுதானா" என்று குழந்தையின் முன்னால் கேட்கும்போது, "இந்த மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்" என்று வளர்ச்சி அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.